நேற்றும் இன்றைய கடமையே: லூயிசின் கடிதங்களில் நிகழ்காலம்

தோற்றுவாய்

மாணவர் எழுதும் கட்டுரைகளுள் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறுவது காலத்தின் அருமை பற்றிய கட்டுரையாகும். நேற்று என்பது முடிந்த கதை, நாளை என்பது காணாத கனவு, இன்று ஒன்றே கையிலுள்ள பொன் என்று எழுதும் மாணவனுக்கு நாம் சிவப்பு மையால் ஒரு சரி போட்டு, நல்ல மதிப்பெண்ணும் வழங்கிவிடுகிறோம். அச்சொற்களின் பொருளை அம்மாணவன் ஆராய்ந்தானா என்று நாம் கேட்பதில்லை. கேட்கும் ஆசிரியர் ஆராய்ந்தாரா என்பதும் ஐயத்திற்குரியதே. நானும் பல ஆண்டுகள் அவ்வாறு சரி போட்டு வந்தவன்தான்.

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை என் பழைய மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். தீயணைப்பு மீட்புப் படையில் நெடுங்காலமாகப் பணியாற்றுபவர். அவர் கையில் ஒரு சிறு நூல் இருந்தது. தீயணைப்போர், மருத்துவ ஊர்தியினர், காவலர் முதலியோர்க்கு ஊக்கமளிக்கும் பொருட்டு எழுதப்பட்ட கிறித்துவ நூல் அது; நண்பர் ஒருவர் அன்புடன் கொடுத்தது. இந்தக் கணத்தில் வாழ்க, நாளையை இறைவனிடம் விடுக என்பது அதன் சாரம். அவர் சொன்னார்: “ஐயா, நாளையைப் பற்றி எனக்கு அச்சமில்லை. மணி அடித்தால் வண்டியில் ஏறிவிடுகிறேன். வேலை நடக்கும்போது வேறெதுவும் நினைவில் நிற்பதில்லை. நேற்றுதான் என்னை விடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வீட்டில் என் கைக்கு எட்டாமல் போன குழந்தை ஒன்று உண்டு. அந்தக் குழந்தையை மறந்துவிடு என்றா இந்த நூல் சொல்கிறது?”

அன்று எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடிச் சென்றபோது, ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் கல்லூரி நூலகத்தில் படித்த ஒரு நூல் நினைவுக்கு வந்தது. சி. எஸ். லூயிஸ் எழுதிய ‘ஸ்குரூடேப் கடிதங்கள்’ என்பதே அது. நான் கிறித்துவன் அல்லன். ஆயினும் நிகழ்காலத்தில் வாழ்தல் என்னும் கிறித்துவக் கருத்தை இருபதாம் நூற்றாண்டில் நுட்பமாக ஆராய்ந்து எழுதியவர்களுள் லூயிஸ் ஒருவர் என்பதை இலக்கிய மாணவன் எவனும் ஒப்புக்கொள்வான். அதனினும் சிறப்பு, அந்நூலின் கதைமாந்தன் ஆபத்து நேரத்தில் கடமையாற்றும் ஒருவன் என்பதாகும். ஆகவே என் மாணவர் எழுப்பிய வினாவை அந்நூலின்முன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் சூழலும்

லூயிஸ் 1898ஆம் ஆண்டு பெல்பாஸ்டு நகரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுப் போர்முனையில் நின்று 1918இல் காயமுற்றவர். எனவே மரணத்தைப் பற்றி அவர் எழுதியவை சாய்வு நாற்காலியில் அமர்ந்து கற்பனை செய்தவை அல்ல.

கடிதங்கள் முப்பத்தொன்றும் 1941ஆம் ஆண்டு மே முதல் நவம்பர் வரை, இங்கிலாந்துத் திருச்சபை சார்ந்த ‘தி கார்டியன்’ என்னும் வார இதழில் வெளிவந்தன. இன்று நாமறிந்த அதே பெயருடைய நாளேடு வேறு. மறு ஆண்டு, 1942இல், அவை நூலுருப் பெற்றன. அக்காலத்தை நாம் மறத்தலாகாது. 1940 செப்டம்பர் 7ஆம் நாள் தொடங்கி 1941 மே வரை ஜெர்மானிய வானூர்திகள் இலண்டன் முதலான நகரங்களின்மீது குண்டு பொழிந்தன. 40,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். தீயணைப்போரும், வான்தாக்குதல் காவலரும், மருத்துவ ஊர்தி ஓட்டுநரும், இடிபாடுகளுள் மனிதரைத் தேடுவோரும் இரவெல்லாம் கண்விழித்தனர். அவருள் மிகப் பலர் தொண்டர்கள். பகலில் தத்தம் தொழிலைப் பார்த்துவிட்டு இரவில் இப்பணிக்கு வந்தவர்கள். இதழைப் பிரித்து இக்கடிதங்களைப் படித்த கண்களுள் சில, முன்னிரவுகளின் புகை ஆறாத கண்களாக இருந்திருக்கும்.

கடித இலக்கியம் தமிழர்க்குப் புதிதன்று. மு.வ. எழுதிய ‘தம்பிக்கு’, ‘அன்னைக்கு’ முதலிய நூல்களை நம் பள்ளிகளில் அறியாதார் இலர். அவற்றில் அன்புடையார் அன்புடையார்க்கு நல்லறிவு கூறுவர். லூயிஸ் இம்முறையைத் தலைகீழாக்குகிறார். இங்கே எழுதுபவன் ஸ்குரூடேப் என்னும் மூத்த பேய். பெறுபவன் வோர்ம்வுட் என்னும் இளைய பேய், அவனுடைய உடன்பிறந்தார் மகன். மனிதன் ஒருவனைக் கெடுத்து நரகம் சேர்ப்பது எவ்வாறு என்பதே பாடம். பேய்களின் பேச்சில் அம்மனிதன் ‘நோயாளி’, இறைவன் ‘பகைவன்’. பேய் எதை வெறுக்கிறதோ அதுவே நன்று, எதைப் பரிந்துரைக்கிறதோ அதுவே தீது என்று நாம் புரட்டிப் பொருள்கொள்ள வேண்டும். பழிப்பது போலப் புகழ்தலை வஞ்சப்புகழ்ச்சி அணி என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். ஒரு நூல் முழுவதையும் அவ்வணியின்மேல் கட்டியெழுப்பியதை இங்குக் காண்கிறோம். இவ்வமைப்பால் விளையும் பயன் ஒன்று உண்டு. அறிவுரை கூறுவோர்க்கு இயல்பாக வந்துவிடும் மேட்டிமைக் குரல் இதில் இல்லை. எதிரியின் போர்த்திட்டம் நம் கைக்குக் கிடைத்ததுபோல் நாம் படிக்கிறோம்.

பதினைந்தாம் கடிதம்

நிகழ்காலம் பற்றிய கருத்து பதினைந்தாம் கடிதத்தில் விரிவு பெறுகிறது. போர் சற்றே ஓய்ந்திருக்கும் நேரம். நோயாளியை அச்சத்தில் வைப்பதா, அலட்சியத்தில் வைப்பதா என்று இளைய பேய் கேட்டதற்கு மூத்த பேய் விடை எழுதுகிறது. மனிதர் காலத்துள் வாழ்பவர். ஆயினும் நித்தியத்திற்கென்று படைக்கப்பட்டவர். ஆகவே அவர்கள் கவனம் இரண்டில் நிற்க வேண்டுமென்பது இறைவன் விருப்பம்: ஒன்று நித்தியம், மற்றொன்று நிகழ்காலம். காலம் நித்தியத்தைத் தொடும் புள்ளி நிகழ்காலமே என்பது லூயிசின் கருத்து. பேய்களோ மனிதனை எதிர்காலத்தில் குடியேற்ற விரும்புகின்றன. அச்சம், பேராசை, பதவி வேட்கை ஆகியன எதிர்காலத்தை நோக்கியவை. நன்றியுணர்வு இறந்தகாலத்தையும், அன்பு நிகழ்காலத்தையும் நோக்கியவை என்பது அப்பேயின் கணக்கு.

இக்கருத்து மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வேரூன்றியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நாளைய கவலையை நாளைக்கே விட்டுவிடுமாறு இயேசு அங்கே கூறுகிறார். ஆனால் லூயிஸ் அவ்வசனத்தைத் திரும்பச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. அவர் செய்யும் இரண்டு நுட்பங்கள் ஊன்றி நோக்கத்தக்கவை.

முதலாவது, நாளைய வேலைக்குத் திட்டமிடுதல் தவறன்று என்று அவர் தெளிவாக்குகிறார். திட்டமிடும் பொருள் எதிர்காலத்தைச் சேர்ந்தது. திட்டமிடும் கடமையோ இன்றைக்குரியது. நீர்க்குழாயைச் சரிபார்த்து வைக்கும் தீயணைப்பாளர் நாளைய தீயைத்தான் எண்ணுகிறார்; ஆயினும் அவர் செய்வது இன்றைய வேலை. இரண்டாவது, ‘நிகழ்காலத்தில் வாழ்தல்’ என்னும் தொடரே ஏமாற்றக்கூடியது என்று அவர் எச்சரிக்கிறார். நாளை எல்லாம் நன்றாகவே நடக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒருவன் கவலையற்றிருந்தால், அவன் வாழ்வது நிகழ்காலத்தில் அன்று. எதிர்காலத்தைப் பற்றிய இனிய கனவில்தான். கனவு கலைந்த அன்று அவன் பொறுமையும் கலையும். நம் மாணவர் கட்டுரைகளில் இல்லாத தெளிவு இதுவே.

இதே கருத்தை லூயிஸ் ஆசிரியர்க்கும் மாணவர்க்குமே நேராகச் சொன்னதும் உண்டு. போர் தொடங்கிய சில வாரங்களில், 1939 அக்டோபர் 22ஆம் நாள், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத் திருக்கோயிலில் போர்க்காலத்துக் கல்வியைப் பற்றி அவர் உரையாற்றினார். உலகமே எரியும்போது பழைய நூல்களைப் படித்துக்கொண்டிருப்பது தகுமா என்பது மாணவர் உள்ளத்தில் இருந்த வினா. போர் மனித வாழ்வுக்குப் புதிய நிலையற்ற தன்மையைத் தந்துவிடவில்லை. என்றும் இருந்த நிலையாமையை மறைக்க முடியாதபடி செய்துவிட்டது என்று அவர் விடை கூறினார். கடமையைச் செய்தற்கும் அருளைப் பெறுதற்கும் நிகழ்காலத்தையன்றி வேறு காலம் இல்லை என்பது அவ்வுரையின் முடிபு.

களத்தில் நிற்பவனுக்கு

இருபத்தொன்பதாம் கடிதத்தில் கதை களத்திற்கு வருகிறது. நோயாளியின் ஊர்மேல் குண்டு விழப்போகிறது. அவனுடைய கடமை அவனை ஆபத்தின் நடுவில் நிறுத்தப்போகிறது. பேய் இப்போது கோழைத்தனத்தை விளைவிக்க வழி தேடுகிறது. அச்ச உணர்ச்சி பாவமன்று, அச்சத்தால் கடமையைக் கைவிடும் செயலே பாவம் என்பதை அப்பேய் ஒப்புக்கொள்ள நேர்கிறது. மீட்புப் பணியில் இருப்போர்க்கு இஃதோர் ஆறுதல். நடுங்கும் கையால் செய்த உதவியும் உதவியே.

முப்பதாம் கடிதம் இந்நூலின் உச்சம் என்பது என் கருத்து. முதல் தாக்குதலில் நோயாளி மிகவும் அஞ்சினான். தன்னைப் பெருங்கோழை என்றே எண்ணினான். ஆனால் செய்ய வேண்டிய அனைத்தையும், அதற்கு மேலும் சிறிது, செய்து முடித்தான். பேய்க்கு இது தோல்வி. ஆகவே அது களைப்பைப் பயன்படுத்தச் சொல்கிறது. களைப்பு மட்டும் மனிதனைச் சினங்கொள்ளச் செய்வதில்லை. களைத்தவனிடம் எதிர்பாராத வேலையைச் சுமத்துவதே சினத்தை மூட்டும் என்பது அதன் அனுபவம். இன்றோடு தாக்குதல் தீர்ந்தது, நாளை இரவு நன்றாக உறங்கலாம் என்று அவனை நம்பவைக்க வேண்டும். எது வரினும் தாங்குவேன் என்று எண்ணவிடாமல், நியாயமான ஓர் அளவுவரை தாங்குவேன் என்று எண்ணச் செய்து, அவ்வளவைச் சோதனை முடியும் நேரத்திற்குச் சற்று முன்னதாக வைத்துவிட வேண்டும். அடுத்த அரைமணி நேரத்தைக்கூட எண்ணிப் பாராமல் கைவேலையில் நிற்பவனிடம் பணிவும் மென்மையும் பிறந்துவிடும். அதுவே பேய்க்கு ஆபத்து.

இப்பகுதியை நான் என் மாணவர்க்குப் படித்துக் காட்டினேன். பணிநேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அடிக்கும் மணியைப் பற்றித்தான் இவர் எழுதியிருக்கிறார் என்று அவர் சிரித்தார். கருத்தை அனுபவத்தோடு இணைத்துக் காட்டுதல் இலக்கியத்தின் கடன் எனின், லூயிஸ் அக்கடனைச் செலுத்திவிட்டார்.

அடுத்து வருவது கொடிய பகுதி. சுவரில் ஒட்டிக் கிடக்கும் மனித உடற்சிதறலை நோயாளி முதன்முறை காணும்போது, உலகத்தின் உண்மை முகம் இதுதான், நீ இதுகாறும் நம்பியதெல்லாம் மயக்கம் என்று அவன் காதில் ஓதச் சொல்கிறது பேய். இங்கு லூயிஸ் ‘உண்மை’ என்னும் சொல்லை எடுத்துத் தருக்கம் செய்கிறார். பிள்ளைப்பேற்றில் குருதியும் வலியும் உண்மை, தாயின் மகிழ்ச்சியோ வெறும் மனநிலை என்கிறோம். இறப்பிலோ அஞ்சத்தக்க காட்சிதான் அதன் உண்மைப் பொருள் என்கிறோம். இன்பம் வந்தால் அது மனத்தின் தோற்றம், துன்பம் வந்தால் அதுவே உண்மை என்று மனிதர் இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கின்றனர். அவ்விரண்டையும் செய்து கொடுத்தது தானே என்று பேய் பெருமைப்படுகிறது. இடிபாட்டுள் கண்ட உடலும் உண்மைதான். அவ்வுடலை மீட்க நீண்ட கைகளும் அவ்வளவே உண்மை. துயர்க்காட்சியின்முன் நிற்பவர்க்கு இதனினும் நேர்மையான துணைமொழியை நான் அதிகம் கண்டதில்லை.

நூலின் குறை

இவ்வளவு போற்றிய பின்னும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் திறனாய்வு ஆகாது. என் மாணவரின் வினாவுக்கு இந்நூல் விடை கூறவில்லை.

காரணம் கதையமைப்பிலேயே உள்ளது. முப்பத்தொன்றாம் கடிதத்தில் நோயாளி குண்டுவீச்சில் இறந்துபோகிறான். பேய்களின் பிடி நழுவுகிறது. அவன் ஆன்மா ஒளியுள் செல்கிறது. கலை நோக்கில் அது சிறந்த முடிவே. ஆனால் அவனுக்கு மறுநாள் என்பது வரவில்லை. தான் மீட்காமல் விட்ட ஒருவரின் முகத்தை, பத்தாண்டு கழித்து, பல் துலக்கும்போது கண்ணாடியில் காணும் நிலை அவனுக்கு நேரவில்லை. வீரனைக் களத்திலேயே விண்ணுலகம் சேர்த்துவிட்ட ஆசிரியர்க்கு, வீடு திரும்பிய வீரனைப் பற்றிப் பேச வேண்டிய தேவை எழவில்லை. மெய்யான மீட்புப் பணியாளருள் பெரும்பாலோர் வீடு திரும்புகின்றனர். அவர்கள் சுமை அதன்பிறகே தொடங்குகிறது.

கருத்தளவிலும் அவ்விடைவெளி தெரிகிறது. பதினைந்தாம் கடிதத்தில் எதிர்காலத்திற்குப் பல பத்திகள். இறந்தகாலத்திற்குச் சில வரிகளே. இறந்தகாலம் நடந்து முடிந்தது, மனிதர் அதைச் சற்றேனும் அறிவர், ஆதலால் அதைக்கொண்டு ஏமாற்றுவது கடினம் என்று பேய் அதனை ஒதுக்கிவிடுகிறது. பேய்க்கு இங்கே அனுபவம் போதாது என்றே நான் சொல்வேன். முடிந்துபோன நிகழ்ச்சியை எடுத்து, இப்படிச் செய்திருந்தால், ஒரு நிமிடம் முந்தியிருந்தால் என்று நடவாத கதைகளை அதனின்று நூற்றுக்கணக்கில் முளைக்கச் செய்வது மனித மனம். நேற்றும் நாளையைப் போலவே கற்பனைக் காடாகலாம். இதை லூயிஸ் 1941இல் எண்ணவில்லை. அவரைப் பின்பற்றி எழுதப்படும் ஊக்க நூல்களும் எண்ணாது போகின்றன. ஆதலால் ‘இக்கணத்தில் வாழ்க’ என்னும் நல்லுரை, நேற்றைச் சுமப்பவன் காதில் ‘மறந்துவிடு’ என்னும் கட்டளையாக ஒலிக்கிறது. மறக்க முடியாதவன், தன் நம்பிக்கையும் குறையுடையதோ என்று மேலும் ஒரு குற்ற உணர்வைச் சுமக்கிறான். ஊக்கமளிக்க வந்த சொல் ஊறு செய்கிறது.

விடையின் வித்து

ஆயினும் விடைக்கு வேண்டிய வித்து அதே கடிதத்தில் கிடக்கிறது. நாளைக்குத் திட்டமிடும் பொருள் எதிர்காலத்தினின்று கடன் வாங்கியது, கடமையோ இன்றையது என்றாரல்லவா? அத்தருக்கத்தை மறுபுறம் திருப்பிப் பார்ப்போம். இறந்தவரை நினைத்தலும், அவர்க்காக அழுதலும், நடந்ததை நேர்மையாக ஆராய்தலும், வேண்டுமிடத்து மருத்துவரிடமும் நண்பரிடமும் வாய்விட்டுச் சொல்லுதலும் நேற்றிலிருந்து பொருளைக் கடன் வாங்குகின்றன. ஆனால் அவற்றைச் செய்யும் கடமை இன்றையது. நேற்றை நினைப்பவன் நிகழ்காலத்தை விட்டு ஓடுகிறான் என்பது பிழை. நடந்ததை நினைத்தல் ஒன்று. நடவாததைக் கற்பித்துத் தன்னைத் தண்டித்தல் மற்றொன்று. முன்னது இன்றைய கடமை. பின்னதே நிகழ்காலத்தைக் களவாடுவது.

இது நான் வலிந்து கொள்ளும் பொருளன்று என்பதற்கு லூயிசின் பிற்கால வாழ்வே சான்று. 1960 ஜூலையில் அவர் மனைவி ஜாய் டேவிட்மன் புற்றுநோயால் இறந்தார். அத்துயரை அவர் வீட்டில் கிடந்த எழுதாத குறிப்பேடுகளில் எழுதி வந்தார். அக்குறிப்புகள் 1961இல் என். டபிள்யூ. கிளார்க் என்னும் புனைபெயரில் நூலாக வெளிவந்தன. 1942இன் தெளிந்த தருக்கம் அதில் முதலில் இல்லை. துயரம் அச்சத்தைப் போலவே இருக்கிறது என்று தொடங்குகிறார். இறைவன் கதவு தன் முகத்தெதிரே அடைக்கப்பட்டதாக முறையிடுகிறார். நோய் தீர்ந்து எழுவதும் கால் வெட்டப்பட்டு எழுவதும் ஒன்றல்ல என்கிறார். பின்னவன் நடக்கலாம், பழைய இரு காலன் ஆகான். துயரம் நின்ற இடத்தில் நிற்கும் நிலையன்று, நாள்தோறும் வழி மாறும் பயணம் என்றும், அதற்கு வேண்டுவது வரைபடமன்று, வரலாறு என்றும் கண்டுகொள்கிறார். வேதனை சற்றுத் தணிந்தபோதுதான் மனைவியின் நினைவு தெளிவாக வந்தது என்று அவர் வியந்து எழுதுவது, இந்நூல்களை ஒப்பிட்டுப் படிப்போர் நெஞ்சைவிட்டு அகலாது. மறந்ததால் அவர் தேறவில்லை. அன்றன்றைய துயரை அன்றன்றே எழுதியதால் தேறினார். முதல் நூலில் விட்ட இடைவெளியைத் தம் வாழ்வைக் கொண்டே நிரப்பினார் எனலாம். ஆகவே மீட்புப் பணியாளர்க்கு முதல் நூலை மட்டும் கொடுப்பது பாதி மருந்தைக் கொடுப்பதாகும்.

முடிவுரை

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் கதையை நம் மாணவர் பலரும் அறிவர். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு முதலுதவி செய்தவன் அவன். காயத்திற்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினான், தன் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான், அன்றிரவு உடனிருந்தான். இதுவரை சொல்லும் நாம், கதையின் கடைசிப் பகுதியை விரைந்து கடந்துவிடுகிறோம். மறுநாள் அவன் இரண்டு வெள்ளிக்காசுகளைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, அடிபட்டவனை அவன் பொறுப்பில் விட்டுப் புறப்பட்டான். தன்னால் இயன்றதைச் செய்தபின் மற்றொருவர் கையில் ஒப்படைக்கத் தெரிந்தது அவனுக்கு. எனினும் மறந்துவிட்டுப் போகவில்லை. செலவு மிகுந்தால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றான். ஒப்படைத்தலும் உண்டு, திரும்பி வருதலும் உண்டு. நிகழ்காலத்தில் வாழ்தலின் முழு இலக்கணம் இவ்விரண்டும் சேர்ந்ததே.

ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பறைக்கும் கொண்டுசெல்லலாம். நேற்று முடிந்த கதை என்று எழுதும் மாணவனிடம், முடிந்த கதையை நாம் ஏன் மீண்டும் படிக்கிறோம் என்று ஒரு வினா கேட்கலாம். அவ்வகுப்பில் தாயை இழந்த பிள்ளையும் இருக்கக்கூடும். தந்தையை மருத்துவமனையில் விட்டு வந்த பிள்ளையும் இருக்கக்கூடும். நாம் போடும் சிவப்புச் சரி அப்பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

என் மாணவர் மறுமுறை வந்தபோது லூயிசின் இரண்டு நூல்களையும் கொடுத்தேன். பள்ளிக் குறிப்பேடு ஒன்றையும் உடன் வைத்தேன். அதைப் புரட்டிப் பார்த்தவர், “இதில் என்ன எழுத வேண்டும், ஐயா?” என்றார். “அன்று நடந்ததை எழுதுங்கள், தம்பி. நடவாததை எழுத வேண்டாம்” என்றேன். அன்றிரவு அவருக்குப் பணி இருந்தது. குறிப்பேட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நிலையத்திற்குப் புறப்பட்டார்.